புது லாப்டாப்பும் தப்பான கடிகாரமும்

(கொல்கத்தாவில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீங்கள் சயன்ஸ் படித்தவர், நீங்களே பேசுங்கள்" என்று காரியதரிசி இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நான் பௌதிகம் படித்த காலத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் நம்மில் பலர் புது லாப்டாப் வாங்கினோம். வாங்கின வாரத்திலேயே எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "உள்ளே ஏற்கெனவே போட்டுக் கொடுத்த ஆப்கள் அப்டேட் ஆக மாட்டேன் என்கின்றன. புதுசுக்கு எதற்கு அப்டேட்?"

நியாயமான கேள்வி. லாப்டாப் நமக்குத்தான் புதுசு. ஃபாக்டரியில் பெட்டிக்குள் போய்ப் பல மாதங்கள் ஆகியிருக்கலாம். அதில் உள்ள ஆப்களும் அந்தத் தேதியில் நின்றுவிட்டவை. இன்டர்நெட் கிடைத்ததும் அத்தனை மாதத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கேட்கும். எனவே முதல் இரண்டு நாள் சார்ஜரை மாட்டி, வைஃபையை இணைத்து, அதன் போக்கில் விட்டுவிடுவது உத்தமம்.

இந்த ஆப்கள் மூன்று வகை. கால்குலேட்டர், ஃபோட்டோஸ், நோட்பேட் போன்றவை விண்டோஸோடு வருபவை. இவை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக அப்டேட் ஆகும். இரண்டாவது, லாப்டாப் கம்பெனியே வைக்கும் ஆப்கள். இவற்றில் சில ஸ்டோர் வழியாகவும் சில கம்பெனியின் சொந்த அப்டேட் புரோகிராம் வழியாகவும் புதுப்பிக்கப்படும். மூன்றாவது, சில மாதங்களுக்கு இனாமாக வந்து, பிறகு பணம் கேட்டு பயமுறுத்தும் ஆன்டி வைரஸ் போன்றவை. பணம் கட்டியே தீரவேண்டும் என்பதில்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு இருக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் ஸ்டோரையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை.

இனி, அப்டேட் ஆகாவிட்டால் என்ன செய்வது? வரிசை முக்கியம்.

முதலில் கடிகாரம். சிரிக்காதீர்கள். சென்ற டிசம்பரில் என் புது லாப்டாப்பைத் திறந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. நான் சந்தி பண்ண உட்காரும் வேளை. லாப்டாப்போ விடியற்காலை மூன்றரை என்றது! செட்டிங்ஸில் போய், தானாக நேரம் அமைக்கும் பொத்தானை அணைத்து, கையால் ஐந்து மணி என்று வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. உண்மையில் அங்கேதான் கோளாறை ஆரம்பித்துவைத்தேன்.

மெஷின் அமெரிக்க மேற்குக் கரையின் டைம் ஸோனில் இருந்தது. டிசம்பரில் அந்த நேரம் நம்மைவிட 13 மணி 30 நிமிஷம் பின்தங்கியது. நான் டைம் ஸோனை மாற்றாமல் முள்ளை மட்டும் நகர்த்தினேன். அதாவது, "அமெரிக்காவில் இப்போது சாயங்காலம் ஐந்து மணி" என்று சொல்லிக்கொடுத்தேன். உலக நேரக் கணக்கில் என் லாப்டாப் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் போய்விட்டது. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தின் சூர்யோதயத்தைக் கொல்கத்தாவில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா? எட்டு பாகை தீர்க்கரேகை வித்தியாசம். பாகைக்கு நாலு நிமிஷம் வீதம் 32 நிமிஷம் அதற்கே சரிக்கட்டவேண்டும். ஊரைச் சொல்லாமல் நேரத்தை மட்டும் சொன்னால் அர்த்தம் இல்லை.

சரி, நேரம் தப்பானால் ஆப் ஏன் அப்டேட் ஆகாது? ஸ்டோரோடு பேசும்போது நம் லாப்டாப்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு கிடைக்கும். அது இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரைதான் செல்லும். ரயில்வே பிளாட்ஃபாரம் டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும் அல்லவா? இப்போதுதான் வாங்கினீர்கள். ஆனால் பரிசோதகரின் கைக்கடிகாரம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. "காலாவதி" என்றுதானே சொல்வார்? ஆகவே செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'டேட் அண்ட் டைம்'. டைம் ஸோன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று நான்கு ஊரும் ஒரே வரியில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். தானாக நேரம் அமைவதை இயக்குங்கள். பிறகு 'சிங்க் நவ்'. அவ்வளவுதான்.

இரண்டாவது, இணைப்பு. மொபைல் டேட்டாவை மிச்சம் பிடிக்க 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை யாராவது போட்டுவைத்திருப்பார்கள். அது இருந்தால் ஆப்கள் தாமாக அப்டேட் ஆகாது. வீட்டு வைஃபைக்கு அது வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ரீஸ்டார்ட். மூடியைச் சாத்துவது ரீஸ்டார்ட் ஆகாது. 'ஷட் டவுன்' கூடப் பல மெஷின்களில் முழு நிறுத்தம் இல்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அடியிலிருந்து துவங்கும். முதலில் 'விண்டோஸ் அப்டேட்'டில் பாக்கியை முடித்து, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் ஆப்களுக்கு வாருங்கள்.

நான்காவது, ஸ்டோர். அதைத் திறந்து, இடது பக்கம் கீழே 'லைப்ரரி' அல்லது 'டவுன்லோட்ஸ்' என்று இருப்பதில் போய் அப்டேட் கேளுங்கள். ஸ்டோரும் ஓர் ஆப்தான். பட்டியலில் அதன் பெயரும் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அப்படியும் சண்டி பண்ணினால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் டபிள்யூ, எஸ், ஆர், ஈ, எஸ், ஈ, டி என்ற ஏழு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். காலியான கறுப்பு ஜன்னல் ஒன்று வரும். பயப்படவேண்டாம். ஸ்டோர் சேர்த்துவைத்த பழைய தற்காலிகக் குப்பையை அது துடைக்கிறது. காத்திருந்தால் ஸ்டோர் தானே திறக்கும்.

ஐந்தாவது, ஒரே ஓர் ஆப் மட்டும் தகராறு செய்தால்: செட்டிங்ஸ், 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. 'ரிப்பேர்' முதலில். அது உங்கள் விவரத்தைத் தொடாது. பலிக்காவிட்டால் மட்டும் 'ரீசெட்'. அது அந்த ஆப்பில் நீங்கள் வைத்ததை அழித்துவிடும். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

இதில் ஒன்றுக்கும் ஒரு பைசா செலவில்லை. இப்போது, நான் ஏன் பேச ஒப்புக்கொண்டேன் என்பதற்கு வருகிறேன்.

இந்த வரிசை அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஸ்டோர் "ஏதோ தவறாகிவிட்டது" என்றது. கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்டில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் போன் போட்டேன். மரியாதையான ஹிந்தி. வார்த்தைக்கு வார்த்தை "அங்கிள்". என் லாப்டாப்பைத் தன் இடத்திலிருந்தே பார்க்க ஒரு புரோகிராம் போடச் சொன்னான், போட்டேன். உள்ளே வைரஸ், பென்ஷன் கணக்குக்கே ஆபத்து, பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் என்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேங்க் பக்கத்தைத் திறந்தேன். ஓ.டி.பி. என் மொபைலுக்கு வந்தது. "படியுங்கள் அங்கிள்" என்றான்.

எண்ணுக்கு முன்னால் தொகை இருந்தது. ரூ. 49,500.

கையெழுத்துப் போடுமுன் தொகையைப் படிப்பது ஆபீஸ் பழக்கம். அந்தப் பழக்கம்தான் காப்பாற்றியது. என் புத்தி அல்ல. வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். டெபிட் கார்டின் பின்புறத்தில் அச்சிட்ட நம்பரில் பேங்க்கைக் கூப்பிட்டு நெட் பேங்க்கிங்கை நிறுத்தினேன். பணம் போகவில்லை. 1930-க்கும் புகார் சொன்னேன். லாப்டாப்பை முழுவதும் துடைத்து ரீசெட் செய்தேன். மறுபடி துவங்கியபோது கடிகாரம் அதே பதின்மூன்றரை மணி பின்னால்! அப்போதுதான் உறைத்தது. முள்ளைத் தொடாமல் டைம் ஸோனை மாற்றினேன். அப்டேட் அத்தனையும் ஓடியது. இரண்டு நிமிஷ வேலை.

இதை இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஆத்துக்காரியிடம்கூட. பிள்ளையிடம் சொன்னால், "அப்பா, இனிமேல் நீங்க அதைத் தொடாதேங்கோ" என்பானோ என்ற வெட்கம். அப்புறம் யோசித்தேன். பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். பென்ஷன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பேரக்குழந்தையின் முகம் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். தொடாமல் இருக்க முடியாது. அப்படியானால் தெரிந்து தொடவேண்டும்; ஏமாந்தால் சொல்லவேண்டும். பணம் போய்விட்டால் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு ஆறப்போட்டால் அதுவும் போச்சு.

நம்பர் வேண்டுமானால் பில்லிலும் வாரன்டி அட்டையிலும் இருப்பதைப் பாருங்கள். ஆப் அப்டேட்டுக்கு யாரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், கேட்டால் போனை வைத்துவிடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் லாப்டாப்பைத் திறந்து டைம் ஸோனை ஒரு தரம் பாருங்கள். புரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். நான் உங்களை "அங்கிள்" என்று கூப்பிட மாட்டேன்.