கடவுள் எவ்வளவு பெரியவர்?

இந்த எபிசோட்ல நாம ஒரே ஒரு வார்த்தையைத்தான் பார்க்கப் போறோம்: அளவற்றவர். ஜெபத்துல சொல்றோம், பாட்டுல பாடுறோம். அதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டா கொஞ்சம் திணறிடுவோம்.

ஞாயிறு பள்ளியில சின்னப் பிள்ளைங்களுக்கு நான் இந்தப் பாடம் எடுக்கும்போது, முதல்ல வர்ற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, கடவுள் பூமியைவிடப் பெரியவரா? சூரியனைவிடவா?" "ஆமா, அதைவிடவும் பெரியவர்"னு மட்டும் சொல்லி விட்டுட்டா, பிள்ளைங்க மனசுல வானம் முட்டுற ஒரு ராட்சத உருவம் வந்து உட்கார்ந்துடும். அதனால நான் அவங்களை நேரா சாலொமோன்கிட்ட கூட்டிட்டுப் போவேன்.

1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்துல அவர் கட்டின ஆலயத்தோட அளவு இருக்கு. நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. அதாவது சுமார் 27 மீட்டர் நீளம். ரெண்டு டவுன் பஸ்ஸை வரிசையா நிறுத்தினா, அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனா கட்டி முடிக்க 7 வருஷம் ஆச்சு. உள்ளே முழுக்கத் தங்கத் தகடு. இவ்வளவு செலவு பண்ணின ராஜா, 8-ஆம் அதிகாரத்துல, பிரதிஷ்டை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என்ன ஜெபிக்கிறார் தெரியுமா? வானாதிவானங்களே உம்மைக் கொள்ளாது, நான் கட்டின இந்த வீடு எம்மாத்திரம்னு. தன் கட்டடத்தோட திறப்பு விழாவிலேயே, இதுக்குள்ள கடவுள் அடங்க மாட்டார்னு சொல்றார்!

சரி, அடங்காதவர்னா ரொம்பப் பெரியவர்னுதானே அர்த்தம்? இதே இடத்துலதான் அகஸ்டினும் ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தார். வட ஆப்பிரிக்காவுல, இன்னைக்கு அல்ஜீரியா இருக்கிற பகுதியில, ஹிப்போங்கிற ஊர்ல பிஷப்பா இருந்தவர். 'கன்ஃபெஷன்ஸ்' புத்தகத்தோட 7-ஆம் பாகத்துல தன்னோட பழைய கற்பனையைச் சொல்றார். கடவுள் எல்லையில்லாத கடல் மாதிரி, உலகம் அதுக்குள்ள ஊறிக் கிடக்கிற கடற்பஞ்சு மாதிரின்னு நினைச்சாராம். பிறகு அதுல இருக்கிற சிக்கலை அவரே காட்டுறார். அப்படிப் பார்த்தா, சிட்டுக்குருவிக்குள்ள இருக்கிறதைவிட யானைக்குள்ள கடவுள் அதிகமா இருக்கணுமே!

பிள்ளைங்க இதைக் கேட்டதும் சிரிப்பாங்க. ஆனா விஷயம் அங்கேதான் இருக்கு. கடவுளைத் துண்டு போட்டு யாருக்கும் பங்கு வைக்க முடியாது. யானைகிட்டயும் முழுசா இருக்கார், குருவிகிட்டயும் முழுசா இருக்கார். உலகத்துல 800 கோடிக்கு மேல மனுஷங்க இருக்கோம். அதனால என் பங்குக்கு வர்ற கவனம் குறைஞ்சுடாது.

இது ஏதோ தத்துவம்னு நினைச்சா, எசேக்கியேலைப் படிங்க. கி.மு. 597-ல பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ஒரு பெரிய கூட்டத்தைச் சிறைபிடிச்சுக் கொண்டுபோனார். அந்தப் பயணம் எவ்வளவு தூரம்னா, பிற்காலத்துல எஸ்றா பாபிலோன்ல இருந்து எருசலேம் வந்து சேர 4 மாசம் ஆச்சு. அப்போ ஆலயம் இன்னும் இடிக்கப்படல. ஊர்ல மிச்சம் இருந்தவங்க, சிறைபோனவங்களைப் பத்தி என்ன பேசினாங்கன்னு எசேக்கியேல் 11-ல இருக்கு: அவங்க கர்த்தரை விட்டுத் தூரமாப் போயிட்டாங்க, தேசம் இனி நமக்குத்தான். அதுக்குக் கர்த்தர் சொல்ற பதில், அவங்க போன தேசங்கள்ல நானே அவங்களுக்கு ஒரு சின்னப் பரிசுத்த ஸ்தலமா இருப்பேன்ங்கிறதுதான்.

கவனிச்சீங்களா? வானங்கள் கொள்ளாதவர், அகதிகளோட தெருவுல சின்ன ஆலயமா இருக்கேன்கிறார். எல்லை இருக்கிற ஒருத்தரால இதைச் செய்ய முடியாது. இங்க இருந்தா அங்க இருக்க முடியாது.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊரை விட்டு வந்தவங்க நம்மில் நிறைய பேர். ஷேரிங் ரூம், நைட் ஷிப்ட், ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தூக்கம். அம்மா போன்ல "சர்ச்சுக்குப் போனியா?"ன்னு கேட்டா ஒரு அமைதி. கடவுளை ஊர்லயே, அந்தப் பழைய பெஞ்ச்லயே விட்டுட்டு வந்துட்டோமோன்னு தோணும். சபையா கூடுறது முக்கியம், அதை விட்டுடாதீங்க. ஆனா அவர் அந்தக் கட்டடத்துல காத்துக்கிட்டு, நீங்க இல்லாத இடத்துல இருக்கார்னு மட்டும் நினைக்காதீங்க. நீங்க இப்போ நிற்கிற ஸ்டேஷன்ல, உங்க ரூம்ல, அவர் பாதி இல்ல, முழுசா இருக்கார்.

இந்த வாரம் 1 இராஜாக்கள் 8-ஐயும் எசேக்கியேல் 11-ஐயும் அடுத்தடுத்துப் படிங்க. உங்க வகுப்புல பிள்ளைங்க "எவ்வளவு பெரியவர்?"னு கேட்டா, "எங்கே பாதியா இருக்கார்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேளுங்க. அவங்க தேடட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். ஆண்டவர் உங்களோட இருப்பாராக.