கடைமடைக்கு நீர்



நான் பிறந்தது நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கடைமடைச் சிற்றூரில். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறப்பார்கள். நீர் சில நாட்களில் கல்லணையை அடையும். அங்கிருந்து ஆறு, கிளையாறு, வாய்க்கால் எனப் பிரிந்து எங்கள் வயலுக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு.

ஓராண்டு ஆற்றில் நீர் ஓடியும் எங்கள் நாற்று கருகியது. குறை வானத்திலும் இல்லை, அணையிலும் இல்லை. வாய்க்கால் தூர்ந்து கோரை மண்டிக் கிடந்தது. தமக்கு நீர் பாய்ந்துவிட்டதால் தலைமடையார் மண்வெட்டி எடுக்கவில்லை.

அவ்வாண்டு ஐப்பசியில் பெருமழை. எங்கள் பக்கத்தில் பாசன வாய்க்காலே வடிகாலுமாகும். வடிய வழியின்றித் தேங்கிய வெள்ளம் தலைமடைப் பயிரையும் மூழ்கடித்தது. அடுத்த சித்திரையில் ஊரே திரண்டு தூர் வாரியது.

குடிகள் கூடி நீர்வழிகளைச் செப்பனிடும் இவ்வழக்கமே குடிமராமத்து. உழைக்க வராதவர் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்று 1858-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் விதித்தது. ஆயினும் வழக்கம் தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

சட்டமும் பணமும் துணை செய்யும். ஆனால், கடைமடையின் அடைப்பு தலைமடைக்கும் கேடு என்னும் அறிவே வாய்க்காலை என்றும் காக்கும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வாய்க்காலின் கடைசி மடைவரை ஒருமுறை நடந்து பாருங்கள்.