ராணி என்ன உடுத்தியிருந்தார்?



1875-ஆம் வருடம் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். அவருடைய பயணத் திட்டத்தில் நம்ம ஆனைமலையும் இருந்தது. கோயில் பார்க்க அல்ல, வேட்டைக்கு. அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் காலரா பரவியது. திட்டத்தைக் கைவிட்டார்கள். இளவரசர் இலங்கைக்குப் போய் அங்கே யானை வேட்டை ஆடிவிட்டு, தூத்துக்குடியில் கரையேறி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தார். ஆனைமலை யானைகள் பிழைத்தன. அந்தக் காலராவில் மாண்டவர்களில் ஒருவர் பெயரும் இன்று நமக்குத் தெரியாது. நடக்காமல் போன வேட்டை மட்டும் சரித்திரத்தில் ஏறிவிட்டது.

ராஜ குடும்பத்தைப் பார்க்கும் ஆசையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஆசை நம்ம கோயம்புத்தூரின் மிகப் பெரிய மூளையையே விடவில்லை. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை ஓட்டினார். அது உடுமலை வழியாகப் போகிற ரோடு. அதே மனிதர் 1936 ஜனவரியில் லண்டனில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். கலங்கல் கிராமத்தில் பிறந்த ஒருவர், கடல் தாண்டிப் போய், ஒரு மன்னரின் சவப்பெட்டி போவதைக் கூட்டத்தோடு நின்று பார்க்கிறார். மோட்டாரையும் ரேஸரையும் பிரித்துப் பார்த்த அதே கண்தான் அதையும் பார்த்தது. வேடிக்கை பார்ப்பதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் கிடையாது.

சரி, பார்க்கிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? துணியைத்தான். நூற்பாலைகளுக்கும் பின்னலாடைக்கும் பேர்போன சீமையில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது நார்மன் ஹார்ட்னெல் தைத்துக் கொடுத்த வெள்ளைப் பட்டு உடையில், காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களை எல்லாம் பூவேலையாகப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்குத் தாமரை. இலங்கைக்கும் தாமரை. பாகிஸ்தானுக்குக் கோதுமை, சணல், பருத்தி. பருத்தியை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள்! கோயம்புத்தூரில் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

1920-களில் இன்னொரு வேல்ஸ் இளவரசர் இருந்தார். முன்னே சொன்னவரின் பேரன், அவர் பேரும் எட்வர்டுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே பெண்கள் கையால் பின்னும் வண்ண வண்ணமான ஸ்வெட்டரை அவர் கோல்ஃப் ஆடும்போது போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஊர் உலகமெல்லாம் அதைக் கேட்டது. ஒரே ஒரு ஆள் போட்டுக்கொண்டதால் ஒரு தீவின் பின்னலாடைக்குச் சந்தை திறந்தது. திருப்பூரில் ஆர்டர் பிடித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அதே இளவரசர் 1921 நவம்பர் 17 அன்று பம்பாயில் வந்து இறங்கியபோது அவரை வரவேற்றது வேறு காட்சி. கடைகள் அடைக்கப்பட்டன, காந்தி முன்னிலையில் அந்நியத் துணிகள் கொளுத்தப்பட்டன, நகரத்தில் கலவரம் மூண்டது. அடுத்த ஜனவரியில் சென்னைக்கு வந்தபோதும் ஹர்த்தால்தான். பம்பாய்க் கலவரத்துக்கு இரண்டே மாதம் முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியிருந்தார். பத்து வருடம் கழித்து, 1931-இல், அதே அரையாடையோடும் ஒரு போர்வையோடும் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தார். அன்றைக்கு அரண்மனையில் பேச்சுக்குரிய உடை மன்னருடையது அல்ல. நம்ம பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி இளமையில் கதர்க் கடை வைத்து நஷ்டப்பட்டதும் அந்தக் காலத்துக் காற்றில்தான். ஒரு துணி யாரைப் பணக்காரராக்குகிறது, யாரை ஏழையாக்குகிறது என்ற கேள்வியைத் தமிழ்நாடு அப்போதே கேட்டுவிட்டது.

இனி நம்ம பக்கத்து ராஜா ஒருவரிடம் வருவோம். திருச்சிக்குத் தெற்கே இருந்த புதுக்கோட்டை சமஸ்தானம். முதல் இளவரசர் இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்த அதே 1875 நவம்பரில் பிறந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். சின்னப் பையனாக இருக்கும்போதே, 1886-இல், பட்டத்துக்கு வந்தார். ஆங்கிலப் படிப்பு, குதிரைப் பந்தயம், ஐரோப்பியப் பயணம் எல்லாம் உண்டு. 1915-இல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு வயது இருபது. ராஜாவுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது.

பத்திரிகைகளுக்குத் தீபாவளி. மோலி என்ன உடுத்தினாள், என்ன நகை போட்டாள், புடவை கட்டுவாளா என்றுதான் பேச்சு. பிரிட்டிஷ் அரசுக்கோ எரிச்சல். ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திய ராஜாவுக்கு ராணி ஆவதை அவர்கள் ஏற்கவே இல்லை. மகாராணிப் பட்டம் கிடையாது என்றார்கள். பிறக்கும் பிள்ளைக்கு வாரிசுரிமையும் கிடையாது என்றார்கள். தம்பதியர் புதுக்கோட்டையில் தங்கியது சில மாதங்கள்தான். மறுவருடம் சிட்னியில் மகன் பிறந்தான். பிறகு லண்டன், பிரான்ஸின் கான் நகரம் என்று வாழ்க்கை போனது. சமஸ்தானத்தை ராஜாவின் சகோதரர் நடத்தினார். 1928 மே மாதம் பாரிஸில் தொண்டைமான் இறந்தபோது அவர் உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அரசு விடவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. மோலியோ ஐரோப்பாவின் நாகரிகச் சீமாட்டிகளில் ஒருவராகப் பேர் வாங்கினார். பின்னாளில் எலிசபெத் மகாராணியைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற சிசில் பீட்டனே மோலியையும் படம் எடுத்தார். 1967-இல் கான் நகரத்தில் காலமானார். அவரையும் ராஜாவையும் பற்றி ஆஸ்திரேலியாவில் புத்தகமே எழுதினார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. சினிமாவாக எடுத்தால் ஓடும். ஆனால் அதே ராஜா போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கக் கேமராக்காரர் யாரும் வரவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு பெண். அப்பா நாராயணசாமி அய்யர் கல்வியாளர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்த அந்தப் பெண் மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஒரு கூட்டம். தாயின் பிறப்பைச் சொல்லி முகம் சுளித்த ஒரு கூட்டம். ராஜா அத்தனை எதிர்ப்பையும் ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். அந்த மாணவி பிறகு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-இல் டாக்டர் ஆனார். 1927-இல் சென்னைச் சட்டசபைக்குப் போய் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-இல் ஔவை இல்லம் தொடங்கினார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து அடையாறுக்கு ரயில் ஏறிப் போன குடும்பங்கள் எத்தனையோ இருக்கும். அவர்களுக்கு மோலி யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ராஜாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அவர் கொடுத்தது ஒரு கல்லூரி இடமும் உதவித்தொகையும். அதுவும் ஜனங்கள் கட்டிய வரிப் பணத்தில். புதுக்கோட்டையில் நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசு கொடுப்பது வழக்கம். பிரகதாம்பாள் உருவம் பொறித்த சின்னச் செப்புக்காசு. வாங்கியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அரிசி அந்த வாரத்தோடு தீர்ந்தது. முத்துலட்சுமிக்குக் கிடைத்தது தீராமல் பெருகியதற்குக் காரணம் ராஜாவின் பெருந்தன்மையைவிட அந்தப் பெண்ணின் பிடிவாதம்தான். கொடுத்த கையை எல்லாரும் பார்க்கிறார்கள். வாங்கிய கை அதற்குப் பிறகு என்ன செய்தது என்று பார்ப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது.

இளவரசி டயானாவுக்கு இந்தக் கூட்டத்தின் குணம் நன்றாகத் தெரியும். 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறக்கப் போனவர், கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் நடுங்கிய காலம் அது. தன் உடையை ஊர் கவனிக்கிறது, போடாத கையுறையையும் கவனிக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகவே வந்தது. 1997 ஜூனில் தன்னுடைய 79 உடைகளை நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் மூலம் ஏலம் விட்டார். சுமார் 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் சேர்ந்தது. கருநீல வெல்வெட் கவுன் ஒன்று மட்டும் 2,22,500 டாலருக்குப் போனது. பணம் புற்றுநோய், எய்ட்ஸ் அமைப்புகளுக்குப் போனது. ராஜ குடும்பத்து உடையின் மீதுள்ள மோகத்தை இவ்வளவு நேராகக் காசாக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் வேறு யார்?

டயானா கை குலுக்குவதற்கு ஒரு வருடம் முன்னால், 1986-இல், நம்ம சென்னையில் நடந்தது இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் ஓர் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். இந்தியாவில் எச்ஐவி கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி சேகரித்தார். மாதிரிகளை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். கிருமி இருந்தது. நாட்டிலேயே முதல் கண்டுபிடிப்பு. எய்ட்ஸ் என்பது வெளிநாட்டுக்காரர்களின் வியாதி, நமக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாய் அடைத்தது. டயானாவின் போட்டோவை இந்த அரங்கில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். நிர்மலாவின் போட்டோவைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் சங்கடமாகிவிடும், கேட்க வேண்டாம். டயானாவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. சுனிதி சாலமன்களும் நிர்மலாக்களும் வார்டுக்குள் செய்த வேலையை ஊர் அருவருப்பில்லாமல் பார்ப்பதற்கு, அந்த ஒரு கைகுலுக்கல் கொஞ்சம் வழி விட்டது. பத்திரிகைகளும் அதே பக்கத்தில் இவர்களுக்கும் நாலு வரி கொடுத்திருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

2016 ஏப்ரலில் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மும்பை ஓவல் மைதானத்தில் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடினார். அன்று அவர் போட்டிருந்தது அனிதா டோங்ரே என்ற மும்பை வடிவமைப்பாளரின் உடை. அதை வாங்க உலகமே அந்த இணையதளத்தில் முட்டியதில் தளம் முடங்கிப்போனது. அந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் பெயரை, உடையின் விலையைச் சொன்ன அளவுக்கு யாரும் சொல்லவில்லை.

புதுக்கோட்டைக் கதையை முடித்துவிடலாம். மோலியின் மகனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டதால், 1928-இல் அந்த வம்சத்தின் வேறு கிளையிலிருந்து ஆறு வயதுப் பையன் ராஜகோபாலத் தொண்டைமானைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். அவர்தான் கடைசி ராஜா. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்து திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அவருடைய அரண்மனையே கலெக்டர் ஆபீஸ் ஆனது. ராஜா கல்யாணமே செய்துகொள்ளாமல் 1997 வரை வாழ்ந்தார். அவர் என்ன உடுத்தினார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதாகத் தெரியவில்லை. இன்றும் திங்கட்கிழமை தோறும் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக்கொண்டு ஜனங்கள் அந்த அரண்மனை வாசலில் ஏறிப் போகிறார்கள். மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது கொடுக்கிறார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரசீதைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள். அம்மன் காசு வாங்கியவர்களிடம் ரசீது இருந்ததில்லை.