மகிழ்விலும் துயரிலும் நடுநிலை

 



நமது குமரி மாவட்டத்தில் தோவாளைப் பூச்சந்தையை அறியாதவர் இல்லை. விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லிகையும் அங்கே வந்து குவிந்துவிடும். மணமகனுக்கு மாலை வாங்க வந்தவரும், இறந்தவரின் உடல்மீது சாத்த மாலை வாங்க வந்தவரும் ஒரே கடையின் முன் நிற்பர். பூ ஒன்றுதான், அது சென்று சேரும் வீடுதான் வேறு. இன்று மணவீட்டுக்குப் பூ வாங்கியவர் நாளை எந்த வீட்டுக்கு வாங்குவார் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் பள்ளிவாசல்களும் இவ்வாறே அமைந்துள்ளன. நிக்காஹ் ஓதும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில் மையவாடி இருக்கிறது. மகிழ்வையும் துயரையும் அருகருகே வைத்து வாழ்வதுதான் ஊர் வாழ்க்கை. இவ்விரண்டிற்கும் நடுவில் ஒரு முஃமின் எவ்வாறு நிலைகுலையாமல் நிற்பது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டியது.

திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயமான ஸூரத்துல் ஹதீதின் 22, 23 ஆகிய வசனங்கள் இதற்கு வழிகாட்டுகின்றன. நேரும் துன்பங்கள் யாவும் முன்பே பதிவேட்டில் உள்ளவை என்று கூறும் இறைவன், அதற்கான காரணத்தையும் விளக்குகிறான். கைவிட்டுப் போனதற்காக நாம் உடைந்து போகக் கூடாது. கைக்கு வந்ததைக் கொண்டு கர்வம் கொள்ளவும் கூடாது. அழாதே என்றோ, சிரிக்காதே என்றோ மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஓர் எல்லையைக் கற்றுத் தருகிறது.

அந்த எல்லையை அண்ணலாரின் வாழ்வில் காணலாம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், இரண்டு வயதும் நிறையாத அருமை மகன் இப்ராஹீம் மடியிலேயே உயிர் துறந்தபோது நபிகளாரின் கண்கள் நீர் சொரிந்தன. உள்ளம் கவலையுறுகிறது, எனினும் இறைவனுக்கு உவப்பில்லாத சொல் எதையும் சொல்ல மாட்டோம் என்ற கருத்தை அவர்கள் மொழிந்ததாக புகாரியில் காண்கிறோம். அன்று சூரிய கிரகணமும் ஏற்பட்டது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தின் உச்சியில் நின்ற அந்தத் தந்தை, எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டை நோக்குங்கள். அவ்வாண்டின் ஜமாதுல் அவ்வல் மாதத்தில் மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். சில மாதங்களில், ரமளானில், மக்கா வெற்றி கிட்டியது. ஒரே ஆண்டில் பேரிழப்பும் பெருவெற்றியும்! வெற்றி வீரராக மக்காவுக்குள் நுழைந்தபோது, அல்லாஹ்வுக்குப் பணிந்து தலை தாழ்த்தியவாறே பெருமானார் (ஸல்) வாகனத்தில் வந்தார்கள். ஜஅஃபரின் வீட்டில் மரணச் செய்தி வந்தபோது என்ன செய்தார்கள்? ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களைத் திகைக்க வைக்கும் செய்தி வந்துவிட்டது என்ற கருத்தில் பணித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி).

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். துக்க வீட்டுக்குச் சென்று, பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புவது எளிது. அவர்கள் பொறுமையாக இருப்பதற்கு நாம் என்ன செய்தோம்? அடுப்பு எரியாத வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறு கொண்டு செல்ல வேண்டும் என்பது நபிவழி. மனத்தின் நடுநிலை ஒருவர் தனியாகச் சுமக்கும் பாரமாக விடப்படவில்லை. சுற்றியிருப்போரும் தோள் கொடுக்க வேண்டியவர்களே.

நம் மாவட்டம் இதைப் பெருந்துயரங்களில் கண்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் கொண்டாடிய மறுநாள் காலையில் சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை முழுவதும் ஓலம் எழுந்தது. மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியது. அது ரபீஉல் அவ்வல் மாதம். மீலாது நாளுக்கு ஓரிரு நாள்களே இருந்தன. ரப்பர் மரங்கள் முறிந்தன. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர்களில் பலர் திரும்பவே இல்லை. உடல் கிடைத்தால் அடக்கம் செய்துவிட்டாவது அழலாம். அதுவும் கிடைக்காமல் கடலைப் பார்த்திருந்த தாய்மார்களின் துயரம் எத்தகையது!

அவர்கள் வேறு சமயத்தவர் ஆயிற்றே என்று எவரேனும் எண்ணலாமா? யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். தோழர்கள் வியந்து வினவியபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று திருப்பிக் கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்).

இந்த நபிவழியைச் செயலில் காட்டிய ஓர் ஊரைச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் அதே சுனாமி நாளில் திருமண விருந்துக்குச் சமையல் நடந்திருந்தது. அலையிலிருந்து தப்பி மீனவக் குடும்பங்கள் ஓடி வந்தபோது, மணவீட்டுச் சோறு அவர்களுக்குப் பரிமாறப்பட்டது. ஜமாஅத்தார் அவர்களைத் தங்கவும் வைத்தனர். மகிழ்ச்சிக்காக ஏற்றிய அடுப்பு துயரத்தின் பசியை ஆற்றியது. இதைவிடச் சிறந்த வலீமா எது?

சகோதரர்களே! பெருந்துயரில் நாம் ஓடோடிச் செல்கிறோம். நம் தெருவின் சிறு துயரில் நாம் எப்படி நடக்கிறோம்? என் குறையையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலையில் நிக்காஹ் குத்பா ஓதினேன். அன்று அஸருக்குப் பின் அடுத்த தெருவில் ஒரு ஜனாஸா. இறந்தவர் கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மணவீட்டார் உடனே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக்குச் சோறும் கறியும் அனுப்பினார்கள். என் உள்ளம் குளிர்ந்தது. ஆனால் ஏழாம் நாள் அதே துக்க வீட்டில் ஊருக்கே சாப்பாடு. நானும் அமர்ந்து உண்டேன், துஆவும் ஓதினேன். இத்தா இருந்த அந்தச் சகோதரியின் கம்மல் அந்தச் சாப்பாட்டுக்காக அடகுக் கடைக்குப் போயிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஜஅஃபரின் வீட்டுக்கு உணவு அனுப்பிய நபியின் உம்மத்தைச் சேர்ந்த நான், ஜஅஃபரின் வீட்டில் சமைக்கச் சொல்லி உண்டவனாகிவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

அந்நாள்களில் ஓதுவது பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இப்போது செல்லவில்லை. கடன் வாங்கிச் சமைக்கும் சுமையைப் பற்றியே பேசுகிறேன். இதை மஹல்லா நிர்வாகிகளிடம் எடுத்துரைத்தேன். ஊர் என்ன சொல்லும் என்று சிலர் தயங்கினர். ஆயினும் அந்தத் தெருப் பெண்கள் ஒரு முறை வைத்துக்கொண்டனர். எந்த வீட்டில் மைய்யித்து விழுந்தாலும் மூன்று நாள்களுக்கு மூன்று நேரமும் அண்டை வீடுகளிலிருந்து உணவு செல்கிறது. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தை, ஊர் என்ன செய்யும் என்ற நம்பிக்கையாக அவர்கள் மாற்றிவிட்டனர்.

மகிழ்ச்சியிலும் இவ்வாறே. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவைத் தீய உணவு என்று ஹதீஸ் கண்டிக்கிறது (புகாரி, முஸ்லிம்). இரண்டு நாள் விருந்துக்காக வீட்டை அடகு வைப்பவரின் சிரிப்பு எத்தனை நாள் நீடிக்கும்? நம் முன்னோர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளைவித்தவர்கள். விளைந்த நெல் எவ்வளவாயினும், விதைநெல்லில் கைவைக்காதவர்கள். அந்த விவேகம் கல்யாணப் பந்தலிலும் வேண்டாமா?

முஃமினின் நிலை வியப்புக்குரியது. நலம் வந்தால் நன்றி செலுத்துகிறான், இடர் வந்தால் பொறுமை கொள்கிறான், இரண்டுமே அவனுக்கு நன்மையாகின்றன என்பது முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியின் கருத்து. அந்த நன்றி, பசித்தவனையும் பந்திக்கு அழைக்கும்போது முழுமையாகிறது. பொறுமையோ, பக்கத்து வீட்டுச் சோற்றுப் பாத்திரம் வாசலுக்கு வரும்போது எளிதாகிறது.

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியில், உங்கள் தெருவில் அண்மையில் துயருற்ற வீடு எது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வாசலில் சற்று நின்று ஸலாம் சொல்லுங்கள். வீட்டாரிடம் கலந்து, நாளை அங்கே என்ன கொண்டு செல்வது என்று முடிவு செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கு மகிழ்வில் பணிவையும், துயரில் பொறுமையையும், பிறர் துயரில் பங்குகொள்ளும் நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.