மலை விழுங்கும் யந்திரங்கள்

(பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு வெட்டுக்காரத் தம்பி எழுந்து, "கிராணியாரே, பால்மரம் வெட்டக்கூட யந்திரம் செய்து பார்க்கிறார்களாமே, அது வந்துவிட்டால் நம் கதி என்ன?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. செக்ரோல் புத்தகத்தைத் தெரிந்த அளவுக்கு யந்திரத்தைத் தெரிந்தவனல்ல நான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. ரப்பரில் இன்னும் சோதனையிலே இருக்கும் விஷயம், நம் அண்டை வீடான ஈய லம்பத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து, ஆடி, அடங்கியும் விட்டது! அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பேராக்கில், பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் போகிற சாலையோரத்தில் ஒரு குளத்திலே ஓர் இரும்பு மாளிகை மிதக்கிறது. 5-ஆம் எண் ஈயக் கப்பல் என்பது அதன் பெயர். மலாய்க்காரர்கள் 'கப்பால் கோரே' என்பார்கள். 1938-இல் உருவானது. எடை 4,500 டன். மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982-இல் வேலையை நிறுத்தியது. இப்போது காட்சிப் பொருள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முன்பக்கத்தில் தொங்கும் இரும்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றபோது, நம் லயத்து அடுப்படி நினைவுக்கு வந்தது. அத்தனை கனம்!

4,500 டன் இரும்பைச் சேற்றிலே நிறுத்தினால் புதைந்து போகாதா? போகும். அதனால்தான் அதைக் கப்பலாகக் கட்டினார்கள். முதலில் ஒரு குளம் வெட்டி, அதில் மிதக்க விடுவார்கள். கப்பலின் நடுவே ஒரு பெரிய ஏணி நீருக்குள் இறங்கும். அந்த ஏணியைச் சுற்றி வாளிகள் கோத்த சங்கிலி ஓயாமல் ஓடும். கிணற்று இறைவையை நூறு மடங்கு பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். அடிமண்ணை வாரி மேலே கொட்டும். உள்ளே சல்லடை சுழலும். ஈயம் நிற்கும், மணல் பின்புறம் போகும். முன்னே தோண்டுகிறது, பின்னே தூர்க்கிறது. ஆகவே கப்பலோடு குளமும் நகர்ந்து போகும்! இரவிலே அந்தச் சங்கிலி கிறீச்சிடும் சத்தம் பல மைலுக்குக் கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள்.

உள்ளே நடக்கிற வேலையின் சூட்சுமம் என்ன? ஈயக்கல் மணலைவிட இரண்டரை மடங்கு கனம். நீரில் அலசினால் மணல் ஓடும், ஈயம் தங்கும். அவ்வளவுதான். இதையே கிந்தாப் பள்ளத்தாக்கில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துலாங் என்ற மரத்தட்டைச் சுழற்றிச் செய்தார்கள். நம் தாய்மார்கள் முறத்திலே அரிசி புடைத்துக் கல் நீக்குவதும் அந்த வித்தைக்கு அக்காள் தங்கைதான். 4,500 டன் கப்பலுக்குள்ளே இருப்பது அந்தப் பெண்ணின் கைவித்தை! நான் இதைச் சொன்னபோது என் மகள் நம்பவில்லை.

அப்படியானால் அவ்வளவு பெரிதாக ஏன் கட்ட வேண்டும்? இங்கேதான் கணக்கு வருகிறது. கிராணிக்குக் கணக்கு வந்தால் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஈயம் இருந்த மேட்டு மண்ணைச் சீனத் தவுக்கேமார்கள் முன்பே தோண்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சதுப்பு நிலம். அதில் ஈயம் கொஞ்சம், மண் நிறைய. அதைக் கையால் தோண்டினால் கூலிக்குக் கட்டாது. மலை மலையாக மண்ணைப் புரட்டினால்தான் கட்டும். அதற்குப் பெரிய யந்திரம், அதற்குப் பெரிய முதல், அதற்கு லண்டன் கம்பெனி. 1913 வாக்கில் பத்து காஜா வட்டாரத்தில் முதல் கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நாடு முழுவதிலும் நூற்றுக்கு மேல். 1910-இல் ஈய உற்பத்தியில் பெரும்பகுதி சீனர் கையில் இருந்தது; 1930-இல் ஐரோப்பியக் கம்பெனிகளின் கை ஓங்கிவிட்டது. யந்திரத்தின் உருவம் பெருக்கப் பெருக்க, அதை வாங்கக்கூடியவன் தொகை சுருங்கும். தம்பி, இதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஈயம் நீர்ப்பூமியில் கிடந்தது, கப்பல் மிதந்தது. தரைக்கு அடியிலே பரந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரிக்குக் கப்பல் உதவாது. அதற்கு வேறொரு ராட்சதன் இருக்கிறான். நீண்ட கையின் நுனியிலே ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலும், வாளிகள் மண் சுவரைச் சீவும், மண் பெல்ட்டிலே விழுந்து ஓடும். ஜெர்மனியில் கிரூப் கம்பெனி 1978-இல் கட்டி முடித்த 288-ஆம் எண் யந்திரம் 13,500 டன். நம் தஞ்சோங் துவாலாங் கப்பலைப் போல் மூன்று! சக்கரத்தின் குறுக்களவு மட்டும் 21 மீட்டருக்கு மேல். அதில் 18 வாளிகள். ஒரு நாளில் 2,40,000 கன மீட்டர் மண்ணைப் புரட்டும். ஒரு திடகாத்திரமான ஆள் மண்வெட்டி கொண்டு நாளுக்கு 4 கன மீட்டர் வெட்டுவான் என்று வையுங்கள்; 60,000 பேர் வேலை அது. அதன் மேலே நின்று ஓட்டுகிறவர்களை எண்ண ஒரு கைவிரல் போதும்.

2001-இல் அதை ஒரு சுரங்கத்திலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி வேறொரு சுரங்கத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆறு எல்லாம் கடந்து மூன்று வாரப் பயணம். அகன்ற சங்கிலித் தடங்களில் எடை பரவுவதால் பூமி தாங்கிற்று. வழியை மெத்தையாக்கப் புல் விதைத்தார்களாம். துரைமாருக்குக்கூட அந்த வரவேற்பு கிடைத்ததில்லை.

இந்த ஜாதி யந்திரம்தான் தமிழ்நாட்டில் நெய்வேலிக்கும் வந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்புப் பொருள் தென்பட்டது. 1956-இல் அரசாங்கக் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை மட்டுமே வெட்டியிருக்கிறார்கள், பாருங்கள்! யந்திரங்களுக்குப் பெயரே வாளியின் அளவை வைத்துத்தான்: 350 லிட்டர், 700 லிட்டர், பின்னால் 1,400 லிட்டர். நம் பால் வாளி 20 லிட்டர் என்றால், அந்த ஒரு வாளி நம் 70 வாளி.

ஆனால் ஜெர்மன் யந்திரத்துக்கு நெய்வேலி மண் பணியவில்லை. அங்கே மேல்மண் கடலூர் மணற்கல். கடினம், அரம் போலத் தேய்க்கும். வாளியின் பற்கள் மழுங்கின, உடைந்தன. கடைசியில் முதலில் துளையிட்டு வெடி வைத்து மண்ணைத் தளர்த்தி, பிறகே சக்கரத்தை விட்டார்கள். பற்களை ஓயாமல் மாற்றினார்கள். அது போதாதென்று நிலக்கரிக்கு அடியிலே ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிளந்துவிடும். வெட்டுக்காரருக்கு இது புரியும். உளி மழுங்கினால் எவ்வளவு நல்ல மரமும் பால் தராது. அந்த மலைவிழுங்கியும் பல்லை மாற்றுகிற பிட்டரையும், பம்பைக் காவல் காக்கிறவனையும், பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணை அள்ளுகிறவனையும் நம்பித்தான் ஓடுகிறது.

பெல்ட் என்றேன் அல்லவா? இரண்டு மீட்டருக்கு மேல் அகலம், உள்ளே எஃகுக் கம்பி, மேலே ரப்பர். கூர்மையான கல் விழுந்தாலும் கிழியாமல் தாங்குவதற்கு இயற்கை ரப்பருக்கு இணை குறைவு. விடியலில் நாம் மங்கிலே சேர்க்கிற பால் அந்தச் சுரங்கத்துக்குள்ளும் இருக்கிறது, தோழர்களே.

சுற்றி நிற்கும் அந்த ஆட்கள் எப்படி இருக்கிறார்கள்? நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி ஒரு பக்கம். பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை, சம்பளம் மட்டும் வேறு. 2014-இல் ஒப்பந்தத் தொழிலாளர் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கான்டிராக்ட் ஆட்களோடு ஒரே நிரையில் மரம் வெட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டுமா? நிலம் கொடுத்த கிராமங்களின் துயரம் தனி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்க இருந்த நெல்வயலுக்குள் மண்வெட்டும் யந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று என்றது கம்பெனி. இருக்கலாம். அறுவடைவரை பொறுத்திருக்கலாமே என்று படத்தைப் பார்த்த என் தாயார் கேட்டார். எனக்கும் அதுவே தோன்றிற்று.

நம் கப்பலுக்குத் திரும்புவோம். 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது. விலை பாதாளத்துக்குப் போயிற்று. லம்பங்கள் வரிசையாக மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இதே ஊரில், டத்தோ கெராமாட் சாலையில் 1907-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியின் உலைக்குப் பேராக் ஈயம் வந்து கட்டியாகிக் கப்பலேறியது. அந்த உலையும் பின்னாளில் அணைந்தது. தவுக்கே சின்ன பம்பை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாம். 4,500 டன் கப்பல் ஈயம் தோண்டுவதைத் தவிர வேறெதற்கும் ஆகாது. அதிலே முப்பது வருஷம் வாளிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டவனுக்கும் அந்த ஒரு வேலைதான் தெரியும்.

ஆகவே தம்பி, உம் கேள்விக்கு என் பதில் இது. மரம் வெட்டும் யந்திரம் வந்தால் அதற்கும் பிளேடு மாற்ற ஆள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், மழைக்குப் பின் மரம் மரமாய்ப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நம் தோட்டத்துப் பிள்ளையா, கான்டிராக்டர் லாரியில் ஏற்றி வருகிறவனா? அது யந்திரம் வந்திறங்கிய பிறகு பேசுகிற விஷயமல்ல. அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சிலேயே, புதுக் கருவிக்குப் பயிற்சி முதலில் தோட்டத்தில் உள்ளவருக்கே, ஆள் குறைந்தால் மாற்று வேலை அதே சம்பளத்தில் என்று இரண்டு ஷரத்துகளை எழுதி வைக்க வேண்டும் என்று தோட்டக் கமிட்டிக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன், வாசித்துப் பார்த்து, குறை இருந்தால் திருத்துங்கள்.

பட்டர்வொர்த் பக்கம் போகிற தோழர்கள் பெரியைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.