வீட்டில் ஒரு சிறு கடல்

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் கூட்டங்களில் உடல்நலம், முதலீடு, உயில் எழுதுவது என்று பேசுவதே வழக்கம். இந்த மாதம் கடல்மீன் தொட்டியைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். காரணம் உண்டு. 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் வந்ததிலிருந்து, ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் வேண்டும் என்று கேட்காத குழந்தை இல்லை. தாத்தாவும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். பல வீடுகளில் ஒரு மாதத்துக்குள் மீன் போய்விடுகிறது, காலித் தொட்டி பால்கனியில் செருப்பு வைக்கும் இடமாகிவிடுகிறது. கடலைப் பார்க்க ஒரு ராத்திரி ரயிலேற வேண்டிய இந்த ஊரில் 14 வருஷமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கடல் பரந்தது. அதன் உப்பும் சூடும் ஒரு நாளில் பெரிதாக மாறுவதில்லை. அங்கே பிறந்த மீனுக்கு மாற்றத்தைத் தாங்கிப் பழக்கம் இல்லை. ஆகவே நம் வேலையெல்லாம் தண்ணீரை ஒரே நிலையில் வைத்திருப்பதுதான். அது சரியாக இருந்தால் மீன் சௌக்கியமாக இருக்கும்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சீக்கிரம் மாறும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். ஆரம்பத்துக்கு அது போதும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து கால் டன்னுக்கு மேல் போகும் என்பதால் சுவரோரமாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மின்கம்பி பிளக்குக்கு வரும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். அப்போதுதான் கம்பி வழியாக வழியும் உப்புத் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் ஈ.எல்.சி.பி. பொருத்தியிருப்பது அவசியம்.

உப்பு

சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. இவை சேர்ந்த கடல் உப்புக் கலவை கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு சுமார் 35 கிராம் கணக்கு. ஆர்.ஓ. தண்ணீரில் முதல் நாளே கரைத்து, சிறு பம்ப் போட்டுக் கலங்கவிட்டு, மறுநாள் அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஹைட்ரோமீட்டர் 1.025 பக்கத்தில் காட்ட வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேராகப் போடவே கூடாது.

கடலோர ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்கள் கடற்கரையிலிருந்து தண்ணீர் மொண்டு வரலாமே என்பார்கள். நகரத்துக் கரையோரத்தில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். வேண்டாம்.

இங்கே பலரும் தடுமாறுவது ஒன்று. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீர் ஊற்றலாமா, நல்ல தண்ணீரா? ரசம் கொதித்துச் சுண்டினால் உப்பு கரிக்கிறது. அப்போது நாம் வெந்நீர்தான் விளாவுகிறோம், மேலும் உப்புப் போடுவதில்லை. இதுவும் அப்படியே. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரே விடுங்கள். தண்ணீரை மாற்றும்போது மட்டும் உப்புக் கலந்த தண்ணீர்.

நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை. செப்புக் குடமும் பித்தளைச் சொம்பும் இந்த வேலைக்கு ஆகாது. தாமிரம் கரைந்தால் நத்தை, இறால் போன்றவை முதலில் மடியும், மீனுக்கும் கெடுதல். தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி ஒதுக்கிவிடுங்கள்.

உறை குத்திய பின்தான் மீன்

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியா ஆகின்றன. அது விஷம். உப்புநீரில் பி.ஹெச். 8க்கு மேல் இருப்பதால் அங்கே அதன் கொடுமை இன்னும் அதிகம். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. ஆரோக்கியமான பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால் உறைமோர் போல வேலை செய்யும். ஆனாலும் தயிர் தோய நேரம் கொடுத்தே ஆக வேண்டும். பரிசோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். அடுத்த மீனுக்கு இன்னும் சில வாரம்.

நைட்ரேட் அதிகம் சேராமலிருக்க 2 வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்க வசதி இருந்தால் நல்லது. பாகு காய்ச்சும்போது நுரையோடு அழுக்கு மேலே வருமே, அதுபோல் காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாக்கி எடுத்துவிடும்.

சூடும் மின்வெட்டும்

24 முதல் 27 டிகிரி சௌகரியம். இங்கே மே மாதத்தில் வெளியே 45 டிகிரியைத் தொடுகிறது. தண்ணீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறைந்துவிடும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். நம் ஊர் வறண்ட காற்றில் இது நன்றாகவே பலிக்கிறது. மும்பை, சென்னை புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது, அங்கே ஏ.சி. அறை அல்லது சில்லர் தேவைப்படும். டெல்லிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். விசிறி ஓடினால் தண்ணீர் அதிகம் ஆவியாகும், ரசக் கணக்கை மறக்காதீர்கள். மின்வெட்டு வந்தால் விளக்கைப் பற்றிக் கவலை இல்லை. பம்ப் நின்றால்தான் ஆபத்து. இன்வெர்ட்டர் இணைப்போ, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்போ இருக்கட்டும்.

கொசுவத்தியையும் திரவக் கொசுவிரட்டியையும் அந்த அறையில் வைக்காதீர்கள். அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்குக் கடும் விஷம். காற்று பம்ப் அறைக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

எந்த மீன்?

கடைகளுக்கு வரும் கடல்மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. நம் கவனக்குறைவால் ஒன்று செத்தால், அது இருந்த இடத்திலிருந்து இன்னொன்றைப் பிடித்து வருவார்கள். நீமோ மீன் அப்படியில்லாமல் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்க்கப்படுவது. நம் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பொரிக்கவைத்து வளர்க்கிறது. வளர்ப்பு மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடி போதும். அதற்குக் கடல் சாமந்தி கட்டாயமில்லை. படத்தில் டோரியாக வந்த நீல மீன் ஓர் அடி வரை வளரும், நம் தொட்டி அதற்குச் சிறை. பவளத் துண்டு, கடற்குதிரை என்று யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

தொடங்குமுன் இரண்டு கேள்விகள்

முதலாவது ஆகாரம். இந்த மீனை நாம் சைவமாக்க முடியாது. கடல்பாசி கொஞ்சம் சாப்பிடும். ஆனால் அதற்கான குருணைத் தீனியில் மீன்தூள், இறால்தூள் கலந்தே இருக்கும். அதை வீட்டில் வைக்க எல்லோருக்கும் சம்மதமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மனது ஒப்பவில்லை என்றால் தொட்டி வேண்டாம் என்பதே நல்ல முடிவு. கோபித்துக்கொண்டு பட்டினி போடுவது பாவம். ஒப்பினால், இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். கொலுவுக்கு வரும் குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நாம் இல்லாதபோது யார்? நம்மில் பலர் பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போனால் 6 மாதம் கழித்துத்தான் திரும்புகிறோம். நல்ல பராமரிப்பில் நீமோ மீன் 10 வருஷத்துக்கு மேல் இருக்கும். துளசிக்குத் தண்ணீர் விடச் சொல்வதுபோல் அடுத்த வீட்டு மாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. உப்பை அளக்கவும் தண்ணீர் மாற்றவும் தெரிந்த ஒருவரை முன்பே பழக்கி வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பேரன் பேத்திகள் இதை அழகாகக் கற்றுக்கொள்கிறார்கள். தினம் 10 நிமிஷம் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் தைரியமாகத் தொடங்குங்கள். இல்லையென்றால் குழந்தையை மீன் காட்சியகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், அதுவும் சந்தோஷமே. கேள்வி இருப்பவர்கள் காபிக்குப் பிறகு கேட்கலாம்.