மழை காட்டிக்கொடுத்த சுரங்கம்

நடுவர் அவர்களே! எல்லையில் கடத்தல் சுரங்கத்தைக் கண்டுபிடிப்பது கருவிதான்னு எதிரணித் தம்பி பொரிந்து தள்ளினார். ரேடார் மண்ணுக்குள்ளே பார்க்குமாம். பார்க்கும். ஈரக் களிமண்ணில் அதுக்குக் கண் மங்கிடுமே, அதை ஏன் சொல்லலே? (கைதட்டல்)

2020 ஆகஸ்ட். ஜம்முவில் சம்பா எல்லை. நல்ல மழை. ஓரிடத்தில் நிலம் உள்வாங்கியிருப்பதை எல்லைப் பாதுகாப்புப் படையினர் பார்த்தார்கள். 'மழைக்குப் பள்ளம் விழுந்திருக்கு'ன்னு போயிருக்கலாம். போகலையே! மண்வாரி இயந்திரம் கொண்டுவந்து தோண்டினார்கள். பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த சுரங்கம்! வாயை அடைத்த மணல் மூட்டைகளில் கராச்சி, ஷகர்கர்னு அச்சு. விலாசம் எழுதிக்கிட்டா திருட வர்றது? (சிரிப்பு)

'தோண்டியது இயந்திரம்தானே'ன்னு தம்பி முணுமுணுக்கிறார். எங்கே தோண்டணும்னு சொன்னது யாரய்யா?

நான் செவிலிமேட்டுக்காரன். எங்கப்பா குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்வார். மங்கல் விளக்கு. பாவில் ஓர் இழை அறுந்தால் கை சட்டென்று நின்றுவிடும். 'எப்படிப்பா தெரிஞ்சது?' என்பேன். 'தினம் தொடுற கைடா, இழுப்பு மாறினா தெரியாதா?' என்பார். சம்பாவில் காவல் நின்றவர்களும் அதே மண்ணைத் தினம் மிதித்தவர்கள்தான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)